கற்பிட்டியிலிருந்து ஆங்கிலத்துக்கு: சைமன் காசிச்செட்டியின் நூல்களும் மொழிபெயர்ப்புப் பிரச்சினையும்

1

1859 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் றிப்ளி அன்ட் ஸ்ட்ரோங் அச்சகத்தில் அச்சாகி வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் ஆங்கில நூலைத் தமிழ் இலக்கிய வரலாறு பற்றி எழுதுவோர் குறிப்பிடாதிருத்தல் அரிது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த தமிழ்ப் புலவர்களின் வரலாற்றுச் சுருக்கங்களை ஒருங்கே தொகுத்துத் தந்த முதல் நூல்களுள் ஒன்று என்ற வகையில் அது போற்றப்படுகின்றது. அதனை ஆக்கியவர் சைமன் காசிச்செட்டி. அவர் 1807 இல் கற்பிட்டியிற் பிறந்து 1860 இல் சிலாபத்தில் மறைந்தவர்.

ஆயினும் இந்நூலை நாம் பெரும்பாலும் ஒரு தகவற் களஞ்சியமாகவே பயன்படுத்தி வந்துள்ளோம். எந்தப் புலவர் எந்த ஊரினர், அவர் பாடிய நூல்கள் எவை, அவரைப் பற்றிக் காசிச்செட்டி என்ன சொல்கிறார் என்று தேடுகின்றோம். அவர் கூறிய காலக் கணிப்புப் பிழையானால் திருத்துகின்றோம். இந்நூல் ஏன் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, ஆங்கிலத்தில் எழுதப்பட்டமையால் தமிழ் இலக்கியம் அதனுள் எவ்வாறு உருமாறிற்று என்ற வினாக்கள் அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. இதுவே இக்கட்டுரையின் பொருளாகும்.

‘தமிழ் புளூட்டாக்’ தனியொரு தமிழ் நூலின் மொழிபெயர்ப்பன்று. அவ்வாறிருந்தும் அதனை ஒரு மொழிபெயர்ப்பு நூலாகக் கொண்டு நோக்குவதே பொருத்தமானது என்பது எமது கருத்து. ஒரு நூலைப் பெயர்ப்பதைவிடக் கடினமான ஒரு காரியம் அங்கு நடைபெற்றுள்ளது. வாய்மொழியாகவும் ஏட்டிலும் தனிப்பாடலாகவும் வழங்கிய ஒரு புலமை மரபு முழுவதும் வேறொரு மொழியின் நூல்வகைக்குள் பெயர்க்கப்பட்டுள்ளது. அவ்வாறு பெயர்க்கப்பட்டபோது எவை சென்று சேர்ந்தன, எவை வழியில் உதிர்ந்தன என்பதை இங்கு நோக்குவோம்.

2

முதலில் அம்மனிதர் தோன்றிய கரையை நோக்குதல் வேண்டும். புத்தளம் மாவட்டத்தின் கடற்கரை வடக்கே கற்பிட்டிக் குடாநாட்டிலிருந்து தெற்கே சிலாபத்தையும் கடந்து செல்வது. புத்தளம் வாவியும் முந்தல் வாவியும் உப்பளங்களும் தென்னந்தோட்டங்களும் மீன்வாடிகளும் நிறைந்த நிலம் இது. முன்னேசுவரமும் உடப்புத் திரௌபதை அம்மன் கோயிலும், பள்ளிவாசல்களும், கத்தோலிக்க ஆலயங்களும் இக்கரையில் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. தமிழ் பேசும் இந்துக்களும் முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் சிங்களம் பேசுவோரும் நூற்றாண்டுகளாக இங்குக் கலந்து வாழ்ந்து வந்துள்ளனர். கரையோரத்து மீன்பிடிக் குடும்பங்கள் சிலவற்றில் வீட்டில் ஒரு மொழியும் ஆலயத்திலும் பாடசாலையிலும் இன்னொரு மொழியும் வழங்குகின்றன. புத்தளத்துக்கு அண்மையிலுள்ள சிராம்பியடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்களான ஒரு சிறு சமூகத்தினர் போர்த்துக்கேயக் கிரியோல் மொழிப் பாடல்களை இன்றும் பாடிவருகின்றனர்.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 17 ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை இன்னும் நிற்கின்றது. 1795 இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. காசிச்செட்டி பிறந்தபோது அந்த ஆட்சிமாற்றம் நிகழ்ந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. தோம்பு, கந்தோர், பிஸ்கால் என்ற சொற்கள் நிருவாகத்திலும், அலுமாரி, மேசை, சப்பாத்து, பாண் என்ற சொற்கள் வீட்டிலும் வழங்கிய காலம் அது. போர்த்துக்கேயமும் டச்சும் மக்கள் வாழ்வில் விட்டுச்சென்ற படிவின்மேல் ஆங்கிலம் வந்து அமர்ந்துகொண்டிருந்தது. வணிகத் தொடர்புடைய செட்டிக் குடும்பமொன்றிற் பிறந்து இச்சூழலில் வளரும் ஒருவருக்குப் பல மொழிகளைக் கற்றல் புலமை அலங்காரம் மட்டுமன்று. அது தொழிற்றேவையும் ஆகும். காசிச்செட்டி தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகியவற்றோடு வடமொழியும் ஐரோப்பிய மொழிகள் சிலவும் அறிந்திருந்தார்.

தமிழ்ப் புலமை வரலாற்றை எழுதும்போது நாம் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் நினைக்கும் அளவுக்கு இக்கரையை நினைப்பதில்லை. ஆயினும் பன்மொழிச் சூழல் என்ற ஒன்றினாலேயே இங்குத் தோன்றக்கூடிய அறிஞர் வகை ஒன்றுண்டு. ஒரே மொழியின் மரபுக்குள் நின்று உரையெழுதும் புலவர் ஒருவகை. ஒரு மொழியினருக்கு மற்றொரு மொழியினரை விளக்கிக் கூறுபவர் மற்றொரு வகை. காசிச்செட்டி இரண்டாம் வகையினர்.

3

இந்த இரண்டாம் வகையினர் எத்தகைய சமூக இடத்தில் நின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கையின் முதலியார், மணியகாரர் முதலான பதவியினர் ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவே நின்றனர். மக்களின் விண்ணப்பங்கள் ஆங்கிலத்துக்குச் செல்வதும் அரசின் கட்டளைகள் தமிழுக்கோ சிங்களத்துக்கோ வருவதும் அவர்கள் வாயிலாகவே நடைபெற்றன. கோல்புறூக் குழுவினரின் விதந்துரைகளையடுத்து 1833 இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டது. அதன் முதலாவது தமிழ் உறுப்பினரான ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார் தேசாதிபதியிடம் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். 1836 இல் அவர் மறைந்தபின் 1838 இல் அவ்விடத்துக்கு நியமனம் பெற்றவர் காசிச்செட்டி. மக்களின் பிரதிநிதியாக அரசு தேர்ந்தெடுத்தவர்கள் மொழிபெயர்க்க வல்லவர்களாகவே இருந்தமை தற்செயலன்று. ஆள்வோரின் மொழியிற் பேசக்கூடியவரே அக்காலத்தில் ஒரு சமூகத்தின் குரலாகக் கருதப்பட்டார்.

புத்தளத்து மணியகாரராகப் பணியாற்றிய காசிச்செட்டி பின்னர் இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையர்களுள் ஒருவராகி, சிலாபத்தில் நீதிபதிப் பதவியும் வகித்தார். உத்தியோகக் கடமைகளுக்கிடையே அவர் எழுதியவை வியக்கத்தக்க பரப்புடையன. பரதவரின் தோற்றம் பற்றியும், புத்தளப் பகுதியிலுள்ள தம்மன்ன நுவர இடிபாடுகள் பற்றியும், தமிழரின் இயற்கைப் பொருள் வகைப்பாடு பற்றியும், ரொடியா மக்களின் பேச்சுச் சொற்கள் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகள் லண்டனிலும் கொழும்பிலும் றோயல் ஆசியக் கழகத்தின் சஞ்சிகைகளில் வெளியாயின. இக்கழகத்தின் இலங்கைக் கிளை 1845 இல் நிறுவப்பட்டது.

இவ்வெழுத்துகளின் பெறுமதியை ஒப்புக்கொள்ளும் அதேவேளையில் அவற்றின் திசையையும் நாம் மறத்தலாகாது. ரொடியா மக்களின் சொற்கள் அட்டவணையாயின. அந்த அட்டவணையை வாசித்தவர்கள் அம்மக்களல்லர். சாதி வழக்கங்களைப் பற்றிய அறிவு ஆங்கிலத்தில் எழுதப்பட்டபோது அது ஆட்சிக்குப் பயன்படும் அறிவாகவும் ஆயிற்று. கீழிருந்து மேனோக்கிச் செல்லும் இத்தகைய மொழிபெயர்ப்பில் சொல்லுக்கு உரியவன் வாசகனாவதில்லை. காசிச்செட்டியைத் தனிப்பட்ட முறையிற் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவர் ஆங்கிலத்தில் மட்டும் எழுதவில்லை. 1841 இல் ‘உதயாதித்தன்’ என்ற தமிழ் மாத இதழையும் நடத்தியவர். ஆயின் அவருடைய பெருநூல்கள் ஆங்கிலத்திலேயே அமைந்தன என்பதற்கு அவர் வகித்த சமூக இடம் முக்கிய காரணமாகும்.

4

1834 இல் கோட்டைக் கிறித்தவச் சபை அச்சகத்திலிருந்து ‘சிலோன் கசற்றியர்’ வெளிவந்தது. இங்குக் கோட்டை என்பது கொழும்புக்கு அண்மையிலுள்ள கோட்டே நகராகும். அப்போது ஆசிரியருக்கு வயது 27. இலங்கையின் மாவட்டங்கள், பட்டினங்கள், ஆறுகள், துறைமுகங்கள் முதலியவற்றின் பெயர்களை ஆங்கில அகரவரிசையில் நிரைப்படுத்தி, ஒவ்வொன்றையும் பற்றி விளக்கம் தரும் நூல் அது. ஊர்ப்பெயர்களை ரோம எழுத்துகளில் எழுதுவது எளிய காரியமாகத் தோன்றலாம். உண்மையில் மொழியியல் நோக்கிற் பார்த்தால் நூலின் முதலாவது மொழிபெயர்ப்புச் சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகின்றது.

ஆசிரியரின் சொந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். தமிழில் அது கற்பிட்டி, சிங்களத்தில் கல்பிட்டிய, டச்சுக்காரர் வழியாக ஆங்கிலேயர் வழங்கிய வடிவம் கல்பென்றைன் என்பது போன்றது. தமிழ் வடிவத்தில் கல் என்ற சொல்லின் லகரம் பகரத்துக்கு முன் றகரமாகின்றது. சிங்கள வடிவத்தில் லகரம் மாறாது நிற்க, இறுதியில் யகரம் சேர்கின்றது. இவ்வாறே பாலாவி பாலாவிய ஆகின்றது. உடப்பு உடப்புவ ஆகின்றது. இகர ஈற்றின் பின் யகரமும் உகர ஈற்றின் பின் வகரமும் தோன்றுவதைக் காண்கின்றோம். தமிழில் உடம்படுமெய் பற்றி நன்னூலார் கூறும் விதியை அறிந்தவர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ஒரு கரையில் அருகருகே வாழ்ந்த இரு மொழிகள் ஒரே ஊர்ப்பெயரைத் தத்தம் ஒலியமைதிக்கேற்ப எவ்வாறு கையாண்டன என்பதற்கு இவை நல்ல சான்றுகள்.

சிலாபம் என்ற பெயர் இன்னொரு சான்று. முத்துக்குளித்தலைக் குறிக்கும் சலாபம் என்ற சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பது நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் விளக்கமாகும். சிங்களத்தில் அவ்வூர் ஹலாவத்த எனப்படும். சிங்களத்தில் சகர ஒலி ஹகரமாகத் திரிவது பரவலான ஒலிமாற்றம். நிலவைக் குறிக்கும் சந்த, ஹந்த என்ற இரு வடிவங்களும் அம்மொழியில் உள்ளன. ஆங்கிலேயரோ இறுதி அசையை விட்டுவிட்டுச் சிலோ என்றனர். புத்தளம் என்ற பெயரைப் புது, அளம் என்ற இரு சொற்களாகப் பிரித்து, புதிய உப்பளம் எனப் பொருள் கூறுவோர் உளர். உப்பு விளையும் அவ்வூருக்கு அது பொருந்துவதே.

இத்தனை வடிவங்களுள் ஒன்றைத் தெரிந்து அச்சில் ஏற்றியவுடன் அது அதிகாரபூர்வமான பெயராகிவிடுகின்றது. மற்றவை வட்டார வழக்கு என்ற நிலைக்குத் தள்ளப்படுகின்றன. ஆங்கில வடிவமே நிலப்படங்களிலும் காணி உறுதிகளிலும் நீதிமன்ற ஆவணங்களிலும் இடம்பெற்றது. ஓர் ஊர் இருமொழியினருக்கும் பொதுவாயிருந்த நிலையை மூன்றாவது மொழியொன்றின் எழுத்துக்கூட்டல் மறைத்தது. அதேவேளையில் அம்மூன்றாவது மொழியே இருவகைப் பெயர்களையும் ஒரே பக்கத்தில் வைத்து விளக்கவும் இடமளித்தது. இவ்விரு விளைவுகளையும் ஒருங்கே கண்டாலன்றி ஆங்கிலத்தின் பங்கினை நாம் சரிவர மதிப்பிட முடியாது.

5

கசற்றியர் வெளிவந்து 25 ஆண்டுகளின் பின் ‘தமிழ் புளூட்டாக்’ வெளியாயிற்று. நூலின் தலைப்பே ஆராய்ச்சிக்குரியது. புளூட்டாக் கிரேக்க எழுத்தாளர், கி. பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். கிரேக்கப் பெரியோர் ஒருவரையும் ரோமப் பெரியோர் ஒருவரையும் இணைத்து இணைத்து அவர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் ஐரோப்பாவில் பெருஞ்செல்வாக்குப் பெற்றன. அவை முதலிற் பிரெஞ்சுக்கும், பிரெஞ்சிலிருந்து 1579 இல் தோமஸ் நோர்த் என்பவரால் ஆங்கிலத்துக்கும் வந்தன. சேக்ஸ்பியரின் ரோம நாடகங்களுக்கு மூலமாயமைந்தது அந்த மொழிபெயர்ப்பே. 18 ஆம் நூற்றாண்டில் ‘பிரிட்டிஷ் புளூட்டாக்’ என்ற பெயரில் ஒரு வரலாற்றுத் தொகுப்பும் வெளிவந்தது. ஆகவே காசிச்செட்டி காலத்தில் புளூட்டாக் என்பது ஓர் ஆளின் பெயர் என்பதிலும் ஒரு நூல்வகையின் பெயராகவே ஆங்கில வாசகருக்கு அறிமுகமாகியிருந்தது. தமிழ்ப் புலவர்களும் அத்தகைய வரிசையில் வைத்து மதிக்கத்தக்கவர் என்பதைத் தலைப்பிலேயே அவர் நிலைநாட்ட முயன்றார் எனலாம்.

இத்தலைப்பில் இன்னொரு பொருத்தமும் உண்டு. புளூட்டாக் ரோமப் பேரரசின் ஆட்சிக்குட்பட்ட கிரேக்கர். கைரோனியா என்ற சிற்றூரில் வாழ்ந்துகொண்டு, ஆளும் இனத்தாருக்கு இணையாகத் தம் இனத்தாரையும் நிறுத்திக் காட்டியவர். காசிச்செட்டியும் ஒரு பேரரசின் பிரசை. கடலோரச் சிறுநகரங்களில் வாழ்ந்தவர். ஆனால் வேறுபாடு இதனினும் பெரிது. புளூட்டாக் தம் தாய்மொழியாகிய கிரேக்கத்தில் எழுதினார். ரோமரிற் கற்றோர் அதனைக் கற்று வாசித்தனர். காசிச்செட்டியோ ஆள்வோரின் மொழியில் எழுதவேண்டியவரானார். அங்கு ஆளும் வர்க்கத்தினர் மொழி கற்றனர். இங்கு ஆளப்பட்டவர் கற்றனர். தமிழ் புளூட்டாக்கைக் கிரேக்கப் புளூட்டாக்கிலிருந்து பிரிக்கும் அடிப்படை வேறுபாடு இதுவே.

நூலின் அமைப்பு முறையும் புளூட்டாக்கினுடையதன்று. இங்கு இணைகள் இல்லை, ஒப்பீடும் இல்லை. புலவர்கள் ஆங்கில அகரவரிசையில் நிறுத்தப்பட்டுள்ளனர். அதாவது 1834 இல் ஊர்களுக்குச் செய்ததையே 1859 இல் புலவர்களுக்கு ஆசிரியர் செய்துள்ளார். ஆதலின் ‘தமிழ் புளூட்டாக்’ அமைப்பு வகையில் ஒரு புலவர் கசற்றியர் என்றே கூறத் தோன்றுகின்றது. பெயர், ஊர், குலம், செய்த நூல்கள், வழங்கும் கதை என்ற தலைப்புகளில் விவரங்களைப் பதிந்து செல்லும் ஒரு நிருவாகியின் கை அங்குத் தெரிகின்றது. தோம்பு எழுதிய கரையில் பிறந்தவர் புலவர்க்கும் ஒரு தோம்பு எழுதினார்.

இந்த அகரவரிசையை வெறும் வசதி என்று ஒதுக்கிவிடலாகாது. அதனால் தமிழுக்கு ஒரு நன்மை விளைந்தது. சமய குரவர் வரிசை, ஆதீன குருபரம்பரை, வைணவ குருபரம்பரை, ஆசிரிய மாணாக்கர் வழிமுறை என்ற பழைய நிரல்கள் அனைத்திலும் ஒருவரை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்தும் ஒழுங்கு உள்ளது. சிலர் அந்நிரல்களில் இடமே பெறார். அகரவரிசைக்கு அத்தகைய சார்பு இல்லை. சைவரும் வைணவரும் சமணரும் கிறித்தவரும், அரசரும் சித்தரும், பாண்டிநாட்டாரும் ஈழத்தவரும் அங்கு ஒரே நிரையில் நிற்கின்றனர். தமிழ்ப் புலமை சமயங்கடந்த பொதுச்சொத்து என்ற கருத்து ஒரு நூலின் அமைப்பிலேயே வெளிப்படுவதை இங்குக் காண்கின்றோம். ஈழத்துப் புலவர்களைத் தென்னிந்தியப் புலவர்களோடு சமமாக வைத்தெழுதியமையும் இதனால் எளிதாயிற்று. சாதி, சமய வேறுபாடுகளைத் தாண்டிய இலக்கிய வரலாறு ஒன்றை வேண்டி நிற்போர் இதன் முன்னோடித் தன்மையை மதித்தல் வேண்டும்.

6

இனி இழப்புகளை நோக்குவோம். முதலாவது இழப்பு காலம் பற்றியது. அகரவரிசையில் முன்னவர் பின்னவர் என்பதில்லை. அதிவீரராம பாண்டியர் 16 ஆம் நூற்றாண்டினர். ஆயினும் எழுத்து முறையால் திருவள்ளுவருக்கு வெகு முன்னரே வந்துவிடுகின்றார். ரோம எழுத்திற் கம்பர் பெயரைச் ‘சி’ என்ற எழுத்தால் தொடங்குவதா, ‘கே’ என்ற எழுத்தால் தொடங்குவதா என்பதைப் பொறுத்து அவர் நிற்குமிடம் மாறுகின்றது. தமிழிலக்கியத்தின் வளர்ச்சியை, அதாவது ஒரு காலத்தின் சமூகத் தேவையிலிருந்து இன்னொரு வகை இலக்கியம் தோன்றிய முறையை, இவ்வொழுங்கினால் காட்ட முடியாது.

இதற்கு ஆசிரியரை மட்டும் பொறுப்பாளராக்குதல் நியாயமாகாது. அவர் எழுதிய காலத்தில் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றியது 1887 இல், உ. வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டு 1889 இலும், சிலப்பதிகாரம் 1892 இலும், புறநானூறு 1894 இலும் வெளிவந்தன. சங்க இலக்கியம் அச்சில் இல்லாத காலத்தில், கதைகளையும் தனிப்பாடல்களையும் கையிற் கிடைத்த ஏடுகளையும் கொண்டு காலவரிசை ஒன்றை வகுத்தல் எவர்க்கும் இயலாத செயல். அகரவரிசை அந்த இயலாமையை மறைத்த ஒரு திரையுமாகும்.

இரண்டாவது இழப்பு இதனினும் ஆழமானது. தமிழில் புலவர் வரலாறு வழங்கிய முறை யாது? ஒரு தனிப்பாடல் இருக்கும். அப்பாடல் எச்சந்தர்ப்பத்திற் பாடப்பட்டது என்ற கதை அதனோடு ஒட்டியிருக்கும். கதை பாடலை அறிமுகம் செய்யும். பாடல் கதையை மெய்ப்பிக்கும். கேட்போர் இன்புறுவது பாடலில். கதை அதற்கு வாயிற்படி. காளமேகப்புலவர் பெயரால் வழங்கும் பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடையான வெண்பாவை நினைத்துப் பார்க்கலாம். நஞ்சு என்ற சொல் பாம்பிடத்து விடமாகவும், பழத்திடத்து நைந்து கனிந்த நிலையாகவும் பொருள் தரும். தோலுரித்தல் இரண்டுக்கும் பொது. இத்தகைய பாடலின் உயிர் அந்த இரட்டைப் பொருளிலேயே உள்ளது. ஆங்கிலத்தில் விடத்தையும் கனிந்த பழத்தையும் ஒரே சொல்லாற் குறிக்க இயலாது. இரு பொருளையும் பிரித்து இரண்டு வாக்கியங்களாக எழுதினால் செய்தி கிடைக்கும்; பாடல் கிடைக்காது.

இங்கு நேர்வது யாதெனில், மொழி மாறும்போது பாட்டு உதிர்கின்றது, கதை எஞ்சுகின்றது. கதைக்கு யாப்பும் சிலேடையும் தடையாவதில்லை. எம்மொழிக்கும் அது எளிதிற் செல்லும். ஆகவே ஆங்கில வாசகருக்குத் தமிழ்ப் புலவர் என்பவர் அரசரிடம் பரிசில் பெற்றவர், சாபமிட்டவர், போட்டியில் வென்றவர் என்ற வகையில் ஒரு கதைமாந்தராகவே காட்சியளிக்கின்றார். அவரது கவித்துவத்தை வாசகர் நம்பிக்கையின் பேரில் ஏற்கவேண்டியுள்ளது. இக்குறையை ஆசிரியரும் உணர்ந்திருத்தல் வேண்டும். புலவர்களின் ஆக்கங்களிலிருந்து தெரிந்தெடுத்த மாதிரிகளும் உடன் தரப்படும் என்று நூலின் நீண்ட தலைப்பே கூறுகின்றது. பாட்டில்லாத புலவர் வரலாறு குறையுடையது என்பதை அவர் அறிவார்.

ஆங்கிலத்தில் இவ்வகை நூல்களுக்கு முன்மாதிரியாக இருந்தவற்றுள் சாமுவேல் ஜோன்சன் 1779 முதல் 1781 வரை வெளியிட்ட ஆங்கிலப் புலவர் வரலாறுகள் குறிப்பிடத்தக்கவை. அங்கு வாழ்க்கை வரலாற்றோடு கவிதை பற்றிய திறனாய்வும் உண்டு. ஜோன்சனின் வாசகர் அக்கவிதைகளைத் தம் மொழியிலேயே படித்தவர். ஆதலின் தீர்ப்பை எடைபோட அவரால் முடியும். தமிழ் புளூட்டாக்கின் ஆங்கில வாசகருக்கு அவ்வாய்ப்பு இல்லை. நூல்வகை ஒன்றைப் பெயர்க்கலாம். அந்நூல்வகைக்கு வேண்டிய வாசகரையும் உடன் பெயர்த்தல் எளிதன்று.

7

இதன் பின் நிகழ்ந்ததே இவ்வரலாற்றில் மிக முக்கியமானது. ஆங்கிலத்துக்குச் சென்ற இவ்வறிவு மீண்டும் தமிழுக்குத் திரும்பியது. உதயதாரகைப் பத்திரிகையோடு தொடர்புடைய ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886 இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற நூலைத் தமிழில் வெளியிட்டார். காசிச்செட்டியின் நூலிலிருந்து பலவற்றைப் பெற்று, மேலும் பல புலவர்களைச் சேர்த்து விரித்த நூல் அது. 1922 இல் மறைந்த சுன்னாகம் அ. குமாரசுவாமிப்புலவரின் ‘தமிழ்ப்புலவர் சரித்திரம்’ அதே வழியில் மேலும் முன்சென்றது. 1946 இல் தமிழ் புளூட்டாக் கொழும்பில் மறுபதிப்பாயிற்று. அப்பதிப்புக்குத் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் எழுதிய குறிப்புகள் இடைப்பட்ட காலத்தில் வளர்ந்த ஆராய்ச்சியின் ஒளியில் பல செய்திகளைத் தெளிவாக்கின.

தமிழுக்குத் திரும்பிய இவ்வறிவு சென்றவாறே திரும்பவில்லை. ஆங்கில நூல்வகையின் அச்சைத் தாங்கியே அது வந்தது. புலவர் ஒவ்வொருவரையும் தனித்தனித் தலைப்பிட்டு வரிசைப்படுத்தி எழுதும் முறை தமிழில் நிலைபெற்றது. இன்று பாடசாலை மாணவர் ‘நூலாசிரியர் வரலாறு’ என்று எழுதும் சிறு பந்தியின் அமைப்பைக்கூட இம்மரபிலிருந்து பிரித்து நோக்குதல் கடினம். ஊர், காலம், சமயம், செய்த நூல்கள் என்ற அதே தலைப்புகள் அங்கும் உள்ளன. தமிழிலக்கிய வரலாறு எழுதும் முயற்சியின் முதற் படிகளுள் ஒன்று ஆங்கிலத்தில் இடப்பட்டது என்பது நாம் பெருமைப்படவோ வருந்தவோ வேண்டிய செய்தியன்று, விளங்கிக்கொள்ளவேண்டிய செய்தி.

காசிச்செட்டிக்குப் பின் இவ்வழியில் வந்தவர் முத்துக்குமாரசுவாமி. மேலே குறிப்பிட்ட குமாரசுவாமி முதலியாரின் மகனாகிய அவர் அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கி 1863 இல் லண்டனில் வெளியிட்டார். அவருடைய மகன் ஆனந்த குமாரசுவாமி கீழைத்தேயக் கலைகளை ஆங்கிலத்தில் உலகுக்கு விளக்கியவர். தேசாதிபதியின் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து கலை மெய்யியலாளர் வரை ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறைகளில் விளக்கிக்கூறும் பணி தொடர்ந்தது. இந்த வரிசையின் தொடக்கத்தில் வைத்து நோக்கும்போது காசிச்செட்டியின் இடம் தெளிவாகின்றது.

8

இவற்றிலிருந்து நமது காலத்துக்குரிய சில முடிவுகளைப் பெறலாம். நமது பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துறையும் தமிழ்த்துறையும் தனித்தனி வாயில்களையுடையன. இலங்கையில் எழுந்த ஆங்கில எழுத்தைப் பற்றிப் பேசுமிடத்து லெனாட் வூல்வ் 1913 இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவல் போன்றவை முன்வந்து நிற்கின்றன. புனைகதை அல்லாத காசிச்செட்டியின் உரைநடை அந்த வரிசையில் எளிதில் இடம்பெறுவதில்லை. தமிழ் கற்போருக்கோ அது ஆங்கிலத்திலுள்ள ஒரு துணைநூல். இரு மொழிகளுக்கும் நடுவே நின்று எழுதியவர் இரு துறைகளுக்கும் நடுவே விழுந்துவிடும் நிலை இது. மொழிபெயர்ப்பை ஒரு கைத்திறனாக மட்டும் கற்பிக்கும்வரை இந்நிலை மாறாது. மொழிபெயர்ப்பு என்பது யார் யாருக்காக எந்த வகை நூலில் எழுதுகின்றார் என்ற சமூக வினாவுமாகும்.

அடுத்தது அக்கரையின் பேச்சு பற்றியது. யாழ்ப்பாணத் தமிழின் அமைப்பைச் சுசீந்திரராசா போன்ற மொழியியலாளர் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் மீனவர் தமிழில் சிங்களத் தொடர்பினால் விளைந்த மாற்றங்களும் ஆய்வுக்கு உட்பட்டுள்ளன. பேச்சுச் சிங்களத்தில் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டுவதில்லை. நீர்கொழும்பு மீனவர் தமிழிலும் வினைமுற்றின் விகுதி வேறுபாடுகள் தளர்ந்து வருவதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். இலக்கணம் அறியாமையால் வந்த பிழை என்று இதனை இகழ்வது அறிவியல் நோக்காகாது. இரு மொழிகளை நாள்தோறும் பேசி உழைக்கும் மக்கள் தம் தேவைக்கேற்ப மொழியை அமைத்துக்கொண்டதன் விளைவே அது.

புத்தளத்திலோ நிலைமை மேலும் மாறியுள்ளது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் வந்து குடியேறினர். யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் முல்லைத்தீவையும் சேர்ந்தோரின் பேச்சுகள் புத்தளத்துப் பேச்சோடு ஒரே பாடசாலையில் சந்தித்தன. ஒரு தலைமுறைக்கு மேலாயிற்று. பெருந்துயரத்தின் விளைவாக உருவான இம்மொழிச் சந்திப்பு பதிவுசெய்யப்படவேண்டியது. வீடிழந்து வந்தோரின் சொற்கள் அவர்கள் பிறந்த ஊர்களின் நினைவையும் தாங்கி நிற்கின்றன.

மூன்று பணிகள் நம் முன் உள்ளன என்று கருதுகின்றோம். முதலாவது, தமிழ் புளூட்டாக்கின் ஒவ்வொரு கட்டுரையையும் பாவலர் சரித்திர தீபகத்தோடும் தமிழ்ப்புலவர் சரித்திரத்தோடும் ஒப்புநோக்கி, எச்செய்தி எம்மொழியில் எவ்வாறு மாறிற்று என்று காட்டும் ஆய்வுப்பதிப்பு. இரண்டாவது, கசற்றியரிலுள்ள புத்தளக் கரை ஊர்ப்பெயர்களை இன்றைய தமிழ், சிங்கள வழக்குகளோடு சேர்த்துத் தொகுக்கும் அட்டவணை. மூன்றாவது, உப்பளத்திலும் வாவியிலும் மீன்வாடியிலும் வழங்கும் தொழிற்சொற்களின் தொகுப்பு. முதற்பணியை நூலகத்திலிருந்து செய்யலாம். இரண்டாவதற்குத் தமிழ் மாணவரும் சிங்கள மாணவரும் இணைந்து பாலாவிக்கும் உடப்புக்கும் செல்லவேண்டும். மூன்றாவதைச் செய்யும்போது ஒன்றை மறத்தலாகாது. அத்தொகுப்பு முதலில் அச்சொற்களைத் தந்தவர்களின் கைக்குச் செல்லவேண்டும். அவர்கள் வாசிக்கக்கூடிய மொழியிலும் இருத்தல் வேண்டும். ரொடியா மக்களின் சொற்களை ஆங்கில அட்டவணையிற் சேர்த்தபோது நிகழாதுபோனது அதுவே.